உரிமம் இல்லாத பட்டம்: சிங்கப்பூரில் வர்த்தக நிர்வாகம் படிப்பது

மருத்துவம் படித்தவர் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்துகொள்கிறார். சட்டம் படித்தவர் மேற்கொண்டு தேர்வெழுதி வழக்கறிஞர் ஆகிறார். கணக்கியல் படித்தவருக்குப் பட்டயக் கணக்காளர் என்ற அடுத்த படி கண்ணுக்குத் தெரிகிறது. வர்த்தக நிர்வாகம் படித்தவரை நிர்வாகி என்று பதிவு செய்துகொள்ள மன்றம் எதுவும் கிடையாது. பட்டமே வாங்காத ஒருவர் நாளைக்கே ஒரு நிறுவனம் தொடங்கி ஐம்பது பேரை வேலை வாங்கலாம். எந்தச் சட்டமும் தடுக்காது. ஆனாலும் இங்குள்ள பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் நிறையப் பேர் போட்டி போடும் படிப்புகளில் இதுவும் ஒன்று. மருத்துவத்துக்கு மதிப்பெண் எட்டவில்லை, பொறியியலில் மனமில்லை என்றால் ‘பிசினஸ்’ எடுத்துவிடலாம், அது பாதுகாப்பான படிப்பு என்று நம் வீடுகளிலும் ஒரு நம்பிக்கை இருக்கிறது.

அந்தப் பாதுகாப்பில் பாடங்களின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. பட்டம் உரிமம் தராததால், வேலை கொடுப்பவர் வேறு அடையாளங்களைத் தேடுகிறார். எந்தப் பல்கலைக்கழகம், என்ன தரம், எங்கே வேலைப்பயிற்சி, யார் பரிந்துரை செய்கிறார்கள் என்று பார்க்கிறார். மாணவரின் உழைப்பில் பெரும்பகுதி இந்த அடையாளங்களைச் சேர்ப்பதில்தான் செலவாகிறது. ஏன் இப்படி ஆயிற்று என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை பார்க்க வேண்டும்.

பல்கலைக்கழகம் வருவதற்கு முன்பே இந்தத் தீவில் தமிழர்கள் நடத்திய வணிகப் பயிற்சி ஒன்று இருந்தது. மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகளில் நகரத்தார் வட்டிக்கடைகள் வரிசையாக இருந்தன. ஒரே கூடத்தில் பல கடைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை. ஊரிலிருந்து சிறு வயதில் வரும் பையன் எடுபிடி வேலையில் தொடங்கி, கடிதம் எழுதி, பேரேடு எழுதி, அடுத்தாளாகி, பிறகு முதலாளியின் பணத்தைத் தன் பொறுப்பில் கடன் கொடுத்து வாங்கும் மேலாளாக உயர்வான். தேர்வு கிடையாது. ஐந்தொகை என்ற இருப்புநிலைக் கணக்கு ஒத்துப்போகிறதா என்பதுதான் தேர்வு. அந்த முறையின் பலம் அதன் கண்டிப்பு. பலவீனம், உறவும் ஊரும் சரியாக அமைந்தவனுக்கு மட்டுமே அந்தக் கதவு திறந்தது.

1881இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் பள்ளி தொடங்கப்பட்டதற்கும் கிட்டத்தட்ட இதே முறைமீது இருந்த அதிருப்திதான் காரணம். ஜோசப் வார்ட்டன் என்ற தொழிலதிபர், கடையில் எடுபிடியாக இருந்து வணிகம் கற்கும் காலம் முடிந்துவிட்டது, இனி அதைப் பல்கலைக்கழகத்தில் முறையாகக் கற்பிக்க வேண்டும் என்று பணம் கொடுத்தார். பல்கலைக்கழக அளவிலான முதல் வர்த்தகப் பள்ளி அதுவே. பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்காவில் இத்தகைய பள்ளிகள் பெருகின, தரம் பெருகவில்லை. 1959இல் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி நிறுவனமும் தனித்தனியே வெளியிட்ட இரண்டு அறிக்கைகள், வர்த்தகப் பள்ளிகள் தொழிற்பயிற்சிக் கூடங்கள்போல் இருக்கின்றன, அறிவுத் துறைக்குரிய ஆழம் இல்லை என்று போட்டு உடைத்தன. அதற்குப் பிறகுதான் பொருளியல், புள்ளியியல், உளவியல் ஆகியவை பாடத்திட்டத்தின் முதுகெலும்பாயின. “கடை நடத்தக் கற்றுக்கொள்ள வந்தேன், ஏன் புள்ளியியல் படிக்கச் சொல்கிறார்கள்?” என்று முதலாண்டு மாணவர் அலுத்துக்கொள்வதற்குப் பின்னால் அந்த 1959ஆம் ஆண்டு இருக்கிறது.

சிங்கப்பூரில் இந்தப் படிப்பு வேர்விட்டது தொழில்மயமாக்கலின் அவசரத்தில். பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் முயற்சியில் 1964இல் சிங்கப்பூர் நிர்வாகக் கழகம் அமைந்தது. மறு ஆண்டு, நாடு தனித்து நின்ற அதே 1965இல், அன்றைய சிங்கப்பூர் பல்கலைக்கழகத்தில் வர்த்தக நிர்வாகத்துக்கு ஒரு துறை பிறந்தது. இன்றைய தேசியப் பல்கலைக்கழக வர்த்தகப் பள்ளியின் தொடக்கம் அதுதான். தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன, அவற்றை மேற்பார்வையிட உள்ளூர் ஆட்கள் தேவைப்பட்டார்கள். கணக்கியல் அதற்கு முன்பே, 1956இல் வேறு தடத்தில் தொடங்கியிருந்தது. பல கைகள் மாறி 1987இல் அது நன்யாங்குக்கு, அதாவது இன்றைய நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு, போய்ச் சேர்ந்தது. அதனால்தான் இன்றும் கணக்கியல் என்றால் பலருக்கு முதலில் நன்யாங் நினைவுக்கு வருகிறது.

2000ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் வந்தது. வார்ட்டனை முன்மாதிரியாக வைத்து அமைத்தார்கள்; முதல் தலைவரே வார்ட்டனிலிருந்து வந்தவர்தான். முதல் ஆண்டில் முந்நூற்றுச் சொச்சம் மாணவர்கள், ஒரே ஒரு பட்டம்: வர்த்தக நிர்வாக இளநிலை. பெரிய விரிவுரை மண்டபங்களுக்குப் பதிலாக நாற்பது, நாற்பத்தைந்து பேர் அரைவட்டமாக அமரும் வகுப்புகள். வகுப்பில் பேசுவதற்கு மதிப்பெண். குறைந்தது பத்து வார வேலைப்பயிற்சியும் எண்பது மணிநேரச் சமூக சேவையும் முடிக்காமல் பட்டம் இல்லை. 2005இல் அது நகரின் நடுவில், பிராஸ் பாசாவுக்கு இடம் மாறியது. வங்கிகள் நிறைந்த ராஃபிள்ஸ் பிளேசுக்கு ரயிலில் சில நிமிடங்கள்தான். என் பார்வையில், இந்தப் புதிய போட்டியாளர் வந்திராவிட்டால் மூத்த இரண்டு பல்கலைக்கழகங்களும் தங்கள் கற்பிக்கும் முறையை இவ்வளவு வேகமாக மாற்றியிருக்கமாட்டா.

இதிலுள்ள வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். எடுபிடிப் பயிற்சி போதாது என்றுதான் வார்ட்டன் பள்ளியைக் கட்டினார். அந்தப் பள்ளியைப் பார்த்துக் கட்டிய பல்கலைக்கழகம், எடுபிடிப் பயிற்சி முடிக்காமல் பட்டம் தரமாட்டேன் என்கிறது. வட்டம் முழுதாகச் சுற்றி வந்துவிட்டது. சோதித்துப் பார்க்காத ஆளிடம் யாரும் பணத்தையும் வாடிக்கையாளரையும் ஒப்படைப்பதில்லை என்பது கிட்டங்கியிலும் உண்மை, இன்றைய வங்கியிலும் உண்மை.

பாடங்களை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங், நிர்வாகப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று இடங்களிலும் அடிப்படை ஏறக்குறைய ஒன்றுதான். நிதிக் கணக்கியல், பொருளியல், புள்ளியியல், சந்தைப்படுத்தல், நிறுவன நடத்தையியல், செயல்பாட்டு மேலாண்மை, வர்த்தகச் சட்டம், நிதியியல். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் வணிக உத்தி. இந்த ஒற்றுமை தற்செயலானது அன்று. மூன்று பள்ளிகளும் அமெரிக்காவின் ஏஏசிஎஸ்பி, ஐரோப்பாவின் ஈக்விஸ் ஆகிய இரு அங்கீகாரங்களையும் பெற்றவை. அந்த அங்கீகாரங்கள் பள்ளிகளை ஒரே அச்சை நோக்கித் தள்ளுகின்றன. இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான் பாதை பிரிகிறது. நிதியியல் பக்கம் கூட்டம் அதிகம். அண்மை ஆண்டுகளில் தரவுப் பகுப்பாய்வு பக்கமும். மனிதவளம் என்றால் பலர் உதட்டைப் பிதுக்குவார்கள். அது நியாயமில்லை, ஆனால் நடப்பு அதுதான்.

வகுப்பறைதான் புதிதாக வருகிறவரைத் திணறடிக்கும் இடம். வகுப்பில் வாய் திறப்பதற்கு மதிப்பெண் என்பது, ஆசிரியர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்குச் சிரமம். சிலர் முதல் பருவம் முழுவதும் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் வாக்கியமாக அமைத்துக்கொண்டே இருப்பார்கள்; அமைத்து முடிப்பதற்குள் வேறொருவர் அதையே சொல்லிவிட்டிருப்பார். இன்னொரு பக்கம், ஒன்றும் சொல்லாமலே நிறையப் பேசும் கலையும் இங்கேதான் வளர்கிறது. பேராசிரியர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை என்று நினைப்பது தவறு. நல்ல பேராசிரியர், பேசியவரிடம் அடுத்த கேள்வியைக் கேட்பார், அத்தோடு தெரிந்துவிடும்.

மதிப்பெண் ஒப்பீட்டு முறையில் அமைகிறது. வகுப்பில் எல்லோரும் நன்றாக எழுதினாலும் எல்லோருக்கும் முதல் தரம் கிடைக்காது. அதே வகுப்பில் மதிப்பெண்ணில் கணிசமான பங்கு குழுப்பணிக்குப் போகிறது. யாரோடு போட்டியிடுகிறோமோ அவரோடு சேர்ந்தே வேலை செய்ய வேண்டும். குழுவில் ஒருவர் கூட்டத்துக்கு வரமாட்டார், ஒருவர் நள்ளிரவில் எல்லாவற்றையும் மாற்றி எழுதுவார், ஒருவர் படவில்லைகளின் நிறத்தைப் பற்றி மட்டும் கருத்துச் சொல்வார். மாணவர்கள் மிக அதிகமாகப் புலம்புவது இதைப் பற்றித்தான். ஆனால் நிர்வாகம் என்ற பாடம் உண்மையில் நடைபெறும் இடமும் இதுதான் என்பேன். அதிகாரம் இல்லாமல், சம்பளம் கொடுக்காமல், வேலையைவிட்டு நீக்கவும் முடியாமல் நான்கு பேரிடம் வேலை வாங்குவது பல அலுவலகங்களில் மேலாளர் செய்வதைவிடக் கடினம்.

மேலாண்மையைப் பதினெட்டு, பத்தொன்பது வயதில் கற்பிக்க முடியுமா என்ற பழைய கேள்வியும் இங்கே எழுகிறது. ஒரு நிறுவனத் தலைவர் ஆயிரம் பேரை வேலையிலிருந்து நீக்குவதா வேண்டாமா என்ற வழக்காய்வைப் படித்து விவாதிக்கிறவர், தன் வாழ்நாளில் ஒருவரையும் வேலைக்கு வைத்திருக்கமாட்டார். சிங்கப்பூரில் இதற்கு ஒரு விசித்திரமான விதிவிலக்கு உண்டு. ஆண் மாணவர்களில் பெரும்பாலோர் இரண்டு ஆண்டு தேசிய சேவை முடித்து வருகிறார்கள். அவர்களில் படைப்பிரிவுத் தளபதியாக இருந்தவர், விருப்பமில்லாமல் வந்திருக்கும் முப்பது பேரை அதிகாலையில் எழுப்பி வேலை வாங்கியவர். நிறுவன நடத்தையியல் வகுப்பில் ஊக்கம் பற்றிய கோட்பாடு வரும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு தெரியும். மாணவியர் ஓரிரு ஆண்டு இளையவர்களாக வகுப்பில் அமர்ந்திருப்பார்கள். ஆனால் மதிப்பெண்ணில் பின்தங்குவார்கள் என்று நினைக்க வேண்டாம்.

இனி வேலைப்பயிற்சி. இதைத்தான் நம் குடும்பங்கள் மிகக் குறைவாகப் புரிந்துவைத்திருக்கின்றன. கட்டாயமான பத்து வாரம் ஒரு தொடக்கம் மட்டுமே. நிதி, ஆலோசனைத் துறைகளைக் குறிவைக்கும் மாணவர்கள் மூன்று, நான்கு பயிற்சிகளை அடுக்குகிறார்கள். மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரையுள்ள நீண்ட விடுமுறை போதாமல், ஒரு பருவம் முழுவதும் விடுப்பு எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. பெரிய வங்கிகள் கடைசி ஆண்டுக்கு முந்தைய விடுமுறையில் வந்த பயிற்சியாளர்களிலிருந்தே நிரந்தர ஆட்களைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அந்த இடத்துக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டே திறந்துவிடும். ஆக, இரண்டாம் ஆண்டு நடுவிலேயே கையில் ஏதாவது அனுபவம் காட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு முதலாண்டு விடுமுறையில் ஒரு சிறு நிறுவனத்திலாவது இருந்திருக்க வேண்டும். சங்கிலியின் முதல் கண்ணி எங்கே கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். அப்பாவின் நண்பர் வங்கியில் இருக்கும் வீட்டில் அது ஒரு தொலைபேசி அழைப்பு. பஸ் ஓட்டுநர் வீட்டில் அது நாற்பது மின்னஞ்சல், முப்பத்தைந்துக்குப் பதிலே வராது.

படிப்பின் நீளமும் இங்கே கணக்குக்கு வருகிறது. நன்யாங்கின் வர்த்தகப் பட்டம் நெடுங்காலமாக மூன்றாண்டுப் படிப்பாக இருந்து வந்திருக்கிறது. தேசியப் பல்கலைக்கழகத்தில் முன்பு மூன்றாண்டில் முடித்துக்கொள்ள வழி இருந்தது; இப்போது நான்காண்டுச் சிறப்புப் பட்டம். ஓராண்டுக் கட்டணம் மிச்சம், ஓராண்டு முன்னதாகச் சம்பளம் என்று மூன்றாண்டுப் படிப்பைப் பெற்றோர் விரும்புவது புரிகிறது. ஆனால் மூன்றாண்டுப் படிப்பில் நீண்ட விடுமுறை இரண்டுதான் வரும், நான்காண்டில் மூன்று. முதல் விடுமுறையில் தடுமாறிய மாணவருக்கு அந்தக் கூடுதல் விடுமுறைதான் இரண்டாவது வாய்ப்பு.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் (பாலிடெக்னிக்) மூன்றாண்டு வர்த்தகப் பட்டயம் முடித்து வருகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் முந்தி நிற்கிறார்கள். அங்கேயே ஒரு வேலைப்பயிற்சி முடித்திருப்பார்கள். குழுப்பணியும் வகுப்பின்முன் எழுந்து விளக்குவதும் பழகியிருக்கும். சில பாடங்களுக்கு விலக்கும் கிடைக்கும். அந்த விலக்கை முழுதாக எடுத்துக்கொள்வதா என்பது யோசிக்க வேண்டிய விஷயம். தெரிந்த பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிச் சராசரியை உயர்த்திக்கொள்ளும் வாய்ப்பு அதோடு போய்விடுகிறது. தொடக்கக் கல்லூரியிலிருந்து (ஜூனியர் காலேஜ்) வருகிறவருக்குக் கணிதத்திலும் கட்டுரை எழுதுவதிலும் பிடிமானம் அதிகம். முதலாண்டில் தெரியும் இந்த வேறுபாடு, இரண்டாம் ஆண்டு முடிவில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

நம்மவர்களிடம் நான் கவனித்த ஒன்று எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. சிராங்கூன் சாலையில் மளிகைக் கடையோ, பூக்கடையோ, சரக்கு நிறுவனமோ வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள், தங்கள் தன்விவரக் குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. ஏதோ ஒரு புதுத் தொழில் நிறுவனத்தில் எட்டு வாரம் சமூக ஊடகப் பதிவு போட்டது மட்டும் இருக்கும். ஆனால் வாடகை ஏறும்போது விலையை எவ்வளவு ஏற்றலாம், வெளிநாட்டு ஊழியர் தீர்வையையும் ஒதுக்கீட்டு வரம்பையும் வைத்துக்கொண்டு எத்தனை பேரை எடுக்க முடியும், தீபாவளிக்கு முன் எவ்வளவு சரக்கு இறக்குவது, கடன் சொல்லிப் போகும் வாடிக்கையாளரை எப்படிக் கையாள்வது என்பதெல்லாம் சாப்பாட்டு மேசையில் காதில் விழுந்து வளர்ந்தவர்கள் இவர்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டு ஊழியர் எதை வாங்குகிறார், எதை ஊருக்கு அனுப்புகிறார், எந்தத் தொலைபேசி அட்டையை ஏன் விரும்புகிறார் என்பது சந்தைப்படுத்தல் வகுப்பின் எந்த வழக்காய்வுக்கும் குறைந்தது அன்று. அப்பாவின் கடையில் கணக்கு எழுதும் முறையை மாற்றி, சரக்கு வீணாவதைக் குறைத்தேன் என்று எண்ணோடு எழுதினால், நேர்முகத்தில் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.

பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகளும் அப்படித்தான். தேசியப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரவையோ நன்யாங்கின் தமிழ் இலக்கிய மன்றமோ ஒரு மேடை நிகழ்ச்சி நடத்துகிறது என்றால், யாரோ கடை கடையாக ஏறி ஆதரவுத் தொகை கேட்கிறார், யாரோ டிக்கெட் விற்கிறார், யாரோ அரங்க வாடகைக்கும் வசூலுக்கும் இடையில் விழி பிதுங்கி நிற்கிறார். அந்தப் பொருளாளர் பதவியை வெறும் பொழுதுபோக்காக நினைத்துத் தன்விவரக் குறிப்பில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

பணத்துக்கு வருவோம். அரசாங்கத்தின் கல்விக் கட்டண மானியத்துக்குப் பிறகு குடிமக்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் வெள்ளியை ஒட்டிக் கட்டுகிறார்கள். நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் சற்றுக் கூடுதல். பெற்றோரின் மத்திய சேம நிதியிலிருந்து கட்டலாம், ஆனால் அது கடன். படிப்பு முடிந்து ஓராண்டில் பிள்ளை வட்டியோடு திருப்பிப் போடத் தொடங்க வேண்டும். உதவித்தொகை தேவைப்படுகிறவர்கள் பல்கலைக்கழகத்தின் நிதியுதவியோடு, இந்தியச் சமூகத்தின் சுயஉதவி அமைப்பான சிண்டாவையும் கேட்டுப் பார்ப்பது நல்லது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

படித்து முடித்தபின் கிடைப்பது என்ன? ஆண்டுதோறும் வரும் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வு இதைச் சொல்கிறது, ஆனால் அதைப் படிக்கும் முறை தெரிய வேண்டும். 2024ஆம் ஆண்டு ஆய்வில், எல்லாத் துறைகளையும் சேர்த்து, வேலைச் சந்தையில் இருந்தவர்களில் 87.1 விழுக்காட்டினருக்கு ஆறு மாதத்துக்குள் ஏதோ ஒரு வேலை கிடைத்திருந்தது. நிரந்தர முழுநேர வேலை கிடைத்தவர்கள் 79.5 விழுக்காடு. முந்தைய ஆண்டில் அது 84.1ஆக இருந்தது. முழுநேர வேலையில் இருந்தவர்களின் இடைநிலை மாதச் சம்பளம், அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்கும் தொகை, 4,500 வெள்ளி. தலைப்புச் செய்தியில் வருவது பெரும்பாலும் முதல் எண்ணும் கடைசி எண்ணும். நடுவிலுள்ள இடைவெளியில்தான் ஒப்பந்த வேலை, பகுதிநேர வேலை, பட்டம் வாங்கிய பிறகும் தொடரும் பயிற்சி எல்லாம் அடங்கியிருக்கின்றன.

வர்த்தகப் பட்டத்துக்கு இடைநிலைச் சம்பளத்தை மட்டும் பார்ப்பது இன்னும் பெரிய பிழை. அதே அட்டவணையில் 25ஆம், 75ஆம் சதமானச் சம்பளங்களும், அதாவது கீழ்க் கால்வாசியினரையும் மேல் கால்வாசியினரையும் பிரிக்கும் எல்லைத் தொகைகளும், இருக்கின்றன. தாதிமை போன்ற படிப்பில் இவை இரண்டும் நெருக்கமாக இருக்கும். எல்லோரும் ஏறத்தாழ ஒரே வேலைக்குப் போகிறார்கள். வர்த்தகத்தில் இடைவெளி அகலம். முதலீட்டு வங்கிக்குப் போனவரும், சிறு நிறுவனத்தில் விற்பனை நிர்வாகியாகச் சேர்ந்தவரும் ஒரே பட்டத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள். அதை வாங்கினால் எந்தப் பக்கம் போய் விழுவோம் என்று அட்டவணை சொல்லாது. சேர்த்துவைத்த மற்ற அடையாளங்கள் சொல்லும்.

தமிழ்நாட்டிலிருந்து பிள்ளையை அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு உண்டு. கட்டண மானியம் பெறும் வெளிநாட்டு மாணவர், படித்து முடித்தபின் மூன்று ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் வேலை செய்ய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். ஆனால் 2025 ஜனவரி முதல் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற நிபுணர்களுக்கான வேலை அனுமதி பெறக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித் துறையில் 6,200. மேலே சொன்ன இடைநிலைச் சம்பளத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நெருக்கடி புரியும். சம்பள வரம்பைத் தாண்டினாலும் விண்ணப்பதாரரையும் நிறுவனத்தையும் எடைபோட்டுப் புள்ளி கொடுக்கும், 2023 செப்டம்பரில் வந்த காம்பஸ் முறை இருக்கிறது. நடுத்தரத் திறன் வேலைகளுக்கான எஸ் பாஸில் சேரலாம், அதற்கு நிறுவனத்துக்கு ஒதுக்கீடு மிச்சமிருக்க வேண்டும். பொறியியல் படித்தவருக்கும் இதே விதிதான். ஆனால் இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் இல்லையா என்ற கேள்வி, வர்த்தகம் படித்தவரிடம் சற்று உரக்கக் கேட்கப்படுகிறது.

தனியார் கல்வி நிலையங்கள் வழியாக வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் வர்த்தகப் பட்டம் பெறும் வழியும் உண்டு. தொடக்கத்தில் சொன்ன நிர்வாகக் கழகமே அந்தத் துறையில் பெரிய பெயர். அரசாங்க மானியம் கிடையாது. தனியார் நிலையப் பட்டதாரிகளின் முழுநேர வேலைவாய்ப்பு விகிதம், அரசாங்க ஆதரவு பெற்ற பல்கலைக்கழகங்களைவிடத் தொடர்ந்து குறைவாகவே பதிவாகி வந்திருக்கிறது. படிப்பு மோசம் என்பதால் அன்று. சில பாடத்திட்டங்கள் கடுமையானவை. உரிமம் இல்லாத பட்டத்தில் பள்ளியின் பெயரும் பயிற்சி வலைப்பின்னலும்தான் விலை பேசுகின்றன. அவை அங்கே மெலிந்திருக்கின்றன. ஏற்கெனவே வேலையில் இருப்பவர், மாலை வகுப்பில் பட்டம் முடித்துப் பதவி உயர்வுக்குக் காட்ட நினைத்தால் கதை வேறு. அவருக்குத் தனியார் நிலையமோ, பணிபுரிவோரை மனத்தில் வைத்து அமைந்த சமூக அறிவியல் பல்கலைக்கழகமோ நன்றாகவே பயன்படும்.

பல்கலைக்கழக அறிமுக நாளுக்குப் பிள்ளையோடு போகும் பெற்றோர், மேடையில் பேசும் பேராசிரியரிடம் பாடத்திட்டம் கேட்டு நேரத்தைச் செலவிட வேண்டாம். அது இணையத்திலேயே இருக்கிறது. சட்டையில் பெயர் அட்டை குத்திக்கொண்டு நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவரைத் தனியே அழைத்து, முதல் வேலைப்பயிற்சி எப்படிக் கிடைத்தது, அதற்குப் பள்ளி உதவியதா அல்லது நீங்களே தேடினீர்களா, உங்கள் குழுவில் இன்னும் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். மேடையில் யாரும் தராத தகவல் அவரிடம் இருக்கும்.